அறுபது பேருக்கு ஒரே மனசு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனாக்களோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அறுபது பெண்களின் மனக்குறைகளை நானே எழுத ஆரம்பித்தேன்.

கதை இல்லை. ஆராய்ச்சி!

வலது கையால் கொஞ்சம், இடது கையால் கொஞ்சம்... கையெழுத்து மாற வேண்டுமே. ஐம்பதை நெருங்குகிறவன், ஓசூரில் ஒரு ஃபேக்டரியின் ஹெச்.ஆர். அதிகாரி, வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு யோசனை சொல்கிறவன் — பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனைப் போல வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் இந்த நிலைமை? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஃபேக்டரியில் வண்டிகளுக்கான ஒயரிங் தயாராகிறது. வேலையை விடுகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'ஏன் விலகுகிறீர்கள்?' என்ற கேள்விக்கு எல்லாரும் எழுதுவது ஒரே பதில்: 'சொந்தக் காரணம்.' பத்து வருடம் வேலை பார்த்த நாகராஜும் அதைத்தான் எழுதினார். இரண்டு வாரம் கழித்து பாகலூர் ரோட்டில் பார்க்கிறேன்... வேறு கம்பெனி யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நிற்கிறார்!

"என்ன நாகராஜ், சொந்தக் காரணம்னு எழுதினீங்க?"

"ரெண்டு வரிதான சார் எடம் வுட்டிருந்தீங்க? அதுல என்னாத்த எழுதறது?"

சட்டையில் பட்ட கிரீஸ் மாதிரி அந்தப் பதில் போகவே இல்லை. பதினெட்டு வருடமாக ஆட்களை எடுக்கிறேன், அனுப்புகிறேன். ஏன் வருகிறார்கள் என்று தெரியும். ஏன் போகிறார்கள்? தெரியாது. அந்த வீம்பில்தான் பெங்களூருவில் வாரக் கடைசி வகுப்பாக நடக்கும் நிறுவன உளவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று படிப்பது.

வீட்டில் சொன்னேன். மனைவி சாந்தி கேட்டாள்.

"மனுஷங்களப் புரிஞ்சுக்கறதுக்கு எதுக்குங்க அத்திப்பள்ளி தாண்டிப் போறீங்க? வீட்லயே ரெண்டு பேர் இருக்கோமே!"

போனேன். இரண்டு வருடச் சனிக்கிழமைகள். கூடப் படித்தவர்கள் எல்லாம் என் மகள் வயது. முதல் வாரம் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இரண்டாவது வாரம் 'அங்கிள்' என்றார்கள். மூன்றாவது வாரம், "அங்கிள், உங்க கம்பெனியில வேகன்ஸி இருக்கா?" புள்ளியியல் பாடத்தில் ஒரு முறை ஊற்றிக்கொண்டது. மறுமுறை எழுதித் தேறினேன். எப்படியோ ஆய்வேடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டேன்.

அங்கேதான் வண்டி நின்றது. ஏற்கெனவே இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று. இந்தத் தடவை கொடுக்காவிட்டால் அத்தனை சனிக்கிழமைகளும் கோவிந்தா!

ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். நாற்பது கேள்விகள். கடைசியில், சொந்தமாக எழுத அரைப் பக்கம். (நாகராஜ் புண்ணியம்.) அறுபது பெண்கள் வரிசையாக நின்று ஒயர் கோக்கும் லைன் ஒன்றின் லீடர் மஞ்சுளாவிடம் அறுபது பிரதிகளைக் கொடுத்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சரளமாகத் திட்டுவார். அன்று மதியமே ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார்.

"சார், இப்படி எழுதுனா சரியா?"

நான் போனில் இருந்தேன். படிக்கக்கூட இல்லை. "சூப்பர், ஓகே" என்று மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழக்க தோஷம்!

வெள்ளிக்கிழமை அறுபதும் வந்தன. அறுபதிலும் ஒரே பதில். முதல் கேள்விக்கு எல்லாருக்கும் மகிழ்ச்சி. நாற்பதாவது கேள்விக்கும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அரைப் பக்கத்தில் எல்லாரும் ஒரே வரி: 'குறை ஒன்றும் இல்லை.'

என் வழிகாட்டி மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இது டேட்டா இல்ல. ஜெராக்ஸ்."

அதனால்தான் அந்த மூன்று பேனா.

பதினான்கு தாள் வரை ஜோராகப் போனது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. பின்னால் நின்றிருந்த சாந்தி, எழுதியவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"கேன்டீன் சாம்பார்... பஸ் லேட்டு... மறுபடி சாம்பார். ஏங்க, இவங்கள்லாம் பொம்பளைங்கதான?"

"ஆமா."

"ஒருத்திக்குக்கூட உடம்பு வலிக்கலியா? புள்ளைக்குக் காய்ச்சல் வரலியா? எல்லாரும் உங்கள மாதிரியே சாம்பாரப் பத்தியே கவலைப்படறாங்க!"

யோசித்துப் பாருங்கள். பொய் சொல்லக்கூட விஷயம் தெரிய வேண்டும். பதினெட்டு வருடம் பக்கத்தில் இருந்தவனுக்கு, அவர்கள் எதற்காக அழுவார்கள் என்று கற்பனை செய்யக்கூடச் சரக்கு இல்லை. பதினான்கையும் கிழித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மஞ்சுளாவிடம் போனேன்.

"என்ன மஞ்சுளா, எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க?"

"நீங்கதான சார் ஃபர்ஸ்ட் பீஸுக்கு ஓகே போட்டீங்க?"

ஒயரிங் வேலையில் அப்படித்தான். ஷிஃப்ட்டில் செய்யும் முதல் பீஸை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதை லைனில் மாட்டிவிடுவார்கள். மற்றதெல்லாம் அச்சு அசல் அதே மாதிரி வர வேண்டும். ஆராய்ச்சிக்கு ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேண்டும். இங்கேயோ வித்தியாசம் என்றால் ரிஜெக்ட்! என் கையெழுத்தோடு அந்தத் தாளும் இரண்டு நாள் லைனில் தொங்கியிருக்கிறது.

"சரி... உண்மையா மனசுல இருக்கறத எழுதினா என்ன?"

"மேல டோக்கன் நம்பர் கேட்டிருக்கீங்களே சார்."

பார்த்தேன். கேட்டிருக்கிறேன்! 'உங்கள் பதில்கள் ரகசியம்' என்று அச்சடித்து, அதற்கு நேர் கீழே, எழுதியது யார் என்று காட்டிக்கொடுக்கும் டோக்கன் நம்பருக்குக் கட்டம். எங்கள் ஃபேக்டரியில் அந்தக் கட்டம் இல்லாத படிவமே கிடையாது. கை தானாகப் போட்டிருக்கிறது.

மஞ்சுளா நிபந்தனை போட்டார். "நம்பர எடுத்துடுங்க. நாங்களே கவர்ல போட்டு ஒட்டித் தரோம். ரெண்டு நாளைக்கு நீங்க இந்தப் பக்கமே வரக் கூடாது." பிறகு, "படிச்சிட்டு என்னா சார் பண்ணுவீங்க?"

"ஏதாவது நல்லது பண்ணணும் மஞ்சுளா" என்றேன். அந்த 'ஏதாவது' எனக்கே கொஞ்சம் இடித்தது. அவருக்கும் இடித்திருக்க வேண்டும். ஆனாலும் தாள்களை வாங்கிக்கொண்டார்.

கவர்கள் வந்தன. உட்கார்ந்து படித்தேன்.

'ரெஸ்ட் ரூம் போவணும்னா கை தூக்கி, மாத்து ஆள் வர்ற வரைக்கும் நிக்கணும். அதனால காலையிலேர்ந்து தண்ணி குடிக்கறதில்ல.' இதையே வேறு வேறு வார்த்தைகளில் இருபத்திரண்டு பேர். ஒருவர் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தேன். அவரும் தண்ணீரைப் பற்றித்தான்.

'பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?' ஹெச்.ஆர். என்ற கட்டத்தில் ஒரே ஒரு டிக். அந்த அம்மா எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தார்.

இன்னொரு தாளில் ஒரு வரி: 'ஹெச்.ஆர். சார் நல்லவரு. சாப்ட்டியான்னு கேப்பாரு. பதில் சொல்றதுக்குள்ள போயிடுவாரு.'

பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம். கன்னம் சுட்டது.

ஆய்வேட்டை எழுதினேன். அந்தத் தண்ணீர் நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணையானது. ஐந்தாம் அத்தியாயத்தில் பரிந்துரை: 'லைனுக்கு ஒரு மாற்று ஆள் நிரந்தரமாக இருக்க வேண்டும்.' வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு உண்மையான பதில்களை எப்படி வாங்கினீர்கள்?" என்று வியந்தார். 'லைன் பக்கமே போகாமல் இருந்துதான்' என்று நான் சொல்லவில்லை. அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

தேறிவிட்டேன்! ஆய்வேட்டைத் தங்க எழுத்தில் பைண்டு செய்து, ஒரு பிரதியைக் கல்லூரியில் கொடுத்தேன். இன்னொன்று எங்கள் வீட்டு ஷோகேஸில். ஃபேக்டரியில்? பிளான்ட் ஹெட்டிடம் நேரம் பார்த்துப் பேச வேண்டும் என்றிருந்தேன். ஆடிட் முடியட்டும், வருடக் கடைசி தாண்டட்டும்... உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் சான்றிதழ் வந்தது. மைசூர்பா பெட்டியோடு லைனுக்குப் போனேன்.

"மஞ்சுளா, நான் பாஸ்!"

அவருக்குப் பின்னால் ஒரு பெண் கையைத் தூக்கியபடி மாற்று ஆளுக்காக நின்றுகொண்டிருந்தார். மஞ்சுளா கையுறையைக் கழற்றவில்லை. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாங்க எப்ப சார்?"