குளோசெட்டுக்குள் பிறந்த பாட்டு

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் இன்றைக்கும் அந்தப் பாட்டைப் போடாமல் கேக் வெட்டவிடமாட்டார்கள். முதல் வரியை மூன்று பெண்கள் ஒரே மாதிரிப் பாடுவார்கள். இரண்டாவது வரியில் ஒரு குரல் மேலே ஏற, ஒன்று கீழே இறங்கும். கடைசி வரியில் கீழ்க்குரல் வாயே திறக்காமல் ‘ம்ம்’ என்று இழையும். சனம் கைதட்டுகிற இடம் அது. எப்படி இந்த யோசனை வந்தது என்று மெட்டுப் போட்ட மாமாவிடம் கேட்டால், தானாக வந்தது என்று மேலே பார்த்துச் சொல்லுவார். மேலே பார்க்கத் தேவையில்லை, நான் அவர் பக்கத்திலேயேதான் நிற்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பார்க்டேலில் எங்கள் அப்பார்ட்மென்டில், உடுப்புகள் தொங்கவிடுகிற குளோசெட்டுக்குள் மாமா மைக் ஒன்றைக் கட்டியிருந்தார். அங்கே தொங்கிய வின்ரர் ஜக்கெற்றுகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். பாட்டைப் பதிந்து அன்று பின்னேரமே தமிழ் வானொலிக்குக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள். தமிழ் வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தேன். பாட்டு வராவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

பாடவேண்டியவர்கள் அம்மாவும் அவரது அக்காவும் தங்கையும். அக்காவான பெரியம்மாவும் தங்கையான சித்தியும் ஒரு வருடமாகக் கதைப்பதில்லை. சித்தி தன் கலியாண அழைப்பிதழைப் பெரியம்மா இருந்த ஒஷாவாவுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார். பெரியம்மா கலியாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் இருந்தார், சாப்பிடாமல் போனார். ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல்தான் அம்மா இருவரையும் கூப்பிட்டிருந்தார்.

அம்மாவை நடுவில் விட்டு இருவரும் குளோசெட்டுக்குள் நின்றார்கள். ஒரே மெட்டு, ஆனால் ஒருவர் குரலை ஒருவர் அமுக்கப் பார்த்ததில் பாட்டு சண்டைபோலக் கேட்டது. மாமா ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தடவினார். சித்தி விறுக்கென்று குசினிக்குள் போய் இரண்டு கோப்பைகளைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்தார். பேசாதவர்களுக்கு இடையில் சேதி கொண்டுபோவது வீட்டுப் பிள்ளையின் வேலை. சித்தி என்னைக் கூப்பிட்டார்.

“அவ பாடுற மாதிரி நான் பாடமாட்டன் எண்டு போய்ச் சொல்லு.”

நான் நாலு எட்டு வைப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை என் கண்முன் வந்துபோனது. டிசம்பரில் எங்கள் பள்ளிக்கூட நத்தார்ப் பாட்டில் பாதிப்பேர் மேலேயும் பாதிப்பேர் கீழேயும் பாடுவோம். குளோசெட்டுக்குள்ளேயே நின்ற பெரியம்மாவிடம் போய், “நீங்கள் மேலே பாடுங்கோவாம், சித்தி கீழே பாடுறாவாம்” என்றேன்.

பெரியம்மா என்னையே பார்த்தார். பிறகு, “கடைசி வரிக்கு அவவை வாயை மூடிக்கொண்டு நிக்கச் சொல்லு” என்றார்.

நான் திரும்பிப் போய், “கடைசி வரியை வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ எண்டு பாடட்டாம், அது வடிவா இருக்குமாம்” என்றேன். சித்தியின் உதடு துடித்தது. கோபம் என்று நினைத்துப் பயந்தேன். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கு மறுபக்கத்தில் நின்றார்.

அந்தமுறை குரல்கள் பிரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முடிந்ததும் மாமா அசையவில்லை. நான்தான் துள்ளிக் குதித்து ஒரு ஜக்கெற்றை விழுத்தினேன். பெரியம்மா சித்தியைப் பார்த்து, நேரே சித்தியைப் பார்த்தே, “இன்னொருக்கால் பாடுவமே?” என்று கேட்டார். சித்தி “ஓம் அக்கா” என்றார். அம்மா ஜக்கெற்றுகளுக்குள் முகத்தை வைத்து அழுதார். பாட்டு அவ்வளவு நல்லாக வந்துவிட்டதாக்கும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் கேட்டபோது, இரண்டு பெரிய மனுசிகளை ஏமாற்றிய கெட்டிக்காரி நான்தான் என்று வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அந்த வீட்டுக் குசினிக்குக் கதவே இல்லை. அங்கே யாராவது தும்மினால் குளோசெட்டுக்குள் நிற்பவருக்கும் கேட்கும். இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான், என் பொய்க்காகக் காத்து நின்றார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.