பாலத்தில் உறங்குபவர்கள்

எனக்கு வெளிநாட்டில் வேலை என்று உறவினர்கள் சொல்லும்போது கூச்சமாக இருக்கும். மலேசியாவில் உள்ள உலு திராமிலிருந்து இருட்டோடு கிளம்புகிறேன். ஜொகூர் பாருவில் பேருந்து ஏறிப் பாலத்தைக் கடக்கிறேன். சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் நலப் பணியாளராக வேலை பார்த்துவிட்டு, அதே பாலத்தின் வழியே வீடு திரும்புகிறேன். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். வார இறுதிகளில் இலக்கியப் பட்டப்படிப்பும் இருக்கிறது. புலம்பெயர்வைப் பற்றிய பாடத்தில் விரிவுரையாளர் பிரிவையும் ஏக்கத்தையும் விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் கொட்டாவியை அடக்குவதில் கவனமாக இருந்தேன். எனக்குத் தெரிந்த புலம்பெயர்வு பெரும்பாலும் தூக்கம் சம்பந்தப்பட்டது.

காலைப் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. பாலத்தில் வண்டிகள் நெரிந்து நிற்கும்போது எல்லாரும் தூங்குவார்கள். யாரும் யாருடனும் பேசமாட்டார்கள். அக்கரையில், ‘கஸ்தம்’ என்று நாங்கள் சொல்லும் சோதனைச் சாவடி வந்ததும் பையோடு இறங்கி, கடப்பிதழைக் காட்டிவிட்டு, மறுபடி பேருந்து பிடிக்க வேண்டும். அப்போது விழித்திருப்பவர் பக்கத்தில் இருப்பவரைத் தோளில் தட்டி எழுப்புவார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. எழுப்பியவருக்கு யாரும் நன்றி சொல்வதுமில்லை. நாளைக்கு முறை மாறும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, குளிர்சட்டையின் தலைமூடியை முகம்வரை இழுத்துவிட்டிருந்த பக்கத்து இருக்கைக்காரர் என்னை எழுப்பினார்.

"அக்கா, எந்திரிங்க. கஸ்தம் வந்துருச்சு."

கண் திறந்தேன். தலைமூடிக்குள் இருந்தது எங்கள் பள்ளி மாணவி. முதல் பாடவேளையில் தூங்குகிறாள் என்ற புகாரின்மேல் சில வாரங்களாக என் அறைக்கு அனுப்பப்படுபவள். நேரத்தோடு படுப்பதன் அவசியத்தை முந்தின வாரம்தான் அவளுக்கு நிதானமாக விளக்கியிருந்தேன்.

"அலமாக்... டீச்சரா!" என்று பதறினாள்.

பின் இருக்கையில் இருந்த, தொழிற்சாலைக்குப் போகும் அக்கா ஒருவர் சிரித்தார். "டீச்சரா இருந்தா என்னா லா? பாப்பா மட்டும் எழுப்பலன்னா உங்க டீச்சர் பஸ்ஸோட டிப்போவுக்கே போயிருக்கும். வாயத் தொறந்துகிட்டு என்னா தூக்கம்!"

மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டாள். வரிசைகளில் நாங்கள் தனித்தனியாக நின்றோம். அவளுடைய தந்தை சிங்கப்பூர்க்காரர். அவளும் அந்நாட்டுக் குடிமகள்தான். தந்தை இறந்தபின், அங்கே வாடகை கட்டுப்படியாகாமல், தாய் அவளை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் என் பேருந்தில் வருகிறாள் என்பது மட்டும் தெரியாது.

அன்று பிற்பகல் அவளைப் பற்றிய கூட்டம் இருந்தது. அவளுடைய வகுப்பாசிரியர் அன்பான சீனப் பெண்மணி. பள்ளிக்கு நடந்து வரும் தொலைவில் மாணவியின் அத்தை வீடு இருப்பதால், வாரநாள்களில் அவள் அங்கேயே தங்கலாம் என்பது அவர் யோசனை. அத்தைக்கும் சம்மதம். என் பரிந்துரை மட்டும்தான் பாக்கி. தாய் வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். அவர் பேசப் பேச நான் ஆங்கிலத்தில் ஆசிரியருக்குச் சொன்னேன்.

"அத்த வீடு நல்ல வீடுதான், நான் கொற சொல்லல. ஆனா இவ அங்க போயிட்டா, ராத்திரி சோறு திங்கிறப்ப நான் யாரு மூஞ்சியப் பாக்குறது?"

"ம்மா, இங்க அழுவாதீங்க லா," என்றாள் மகள். "அப்பறம் எனக்கும் வந்துரும்."

பிறகு என்னைப் பார்த்தாள். காலையில் நடந்ததை அவள் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவர் பேருந்தில் எப்படித் தூங்கினார் என்பதை வெளியில் பேசுவதும் எங்கள் வழக்கத்தில் இல்லை.

ஆகவே நானே சொன்னேன். நானும் அக்கரையிலிருந்து வருகிறவள்தான், இன்று காலை என்னை எழுப்பியதே இந்த மாணவிதான் என்றேன். ஆசிரியர் சிரித்தார். பிறகு, அப்படியானால் முதல் பாடவேளையில் நீங்கள் எப்படி விழித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கேலி இல்லை.

நான் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நெரிசலுக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் தேவைக்கு மேல் முன்னதாகவே கிளம்பிவிடுகிறோம். நெரிசல் குறைவாக இருக்கும் நாளில், பள்ளி தொடங்க நெடுநேரம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேசைமேல் தலை கவிழ்த்துத் தூங்குகிறேன்.

"நீ அந்த நேரத்துல எங்க இருப்ப?" என்று மாணவியிடம் கேட்டேன்.

"கேன்டீன்ல, டீச்சர். அங்க தல சாஞ்சாலே பிரிஃபெக்ட் புள்ளைங்க வந்து பேரு எழுதிக்குவாங்க. அதான் நிமிந்து ஒக்காந்துருப்பேன்."

என் அறையில், பேச வரும் மாணவர்களுக்கென்று ஒரு நீண்ட சோபா உண்டு. பள்ளி தொடங்கும்வரை அவள் அதில் தூங்கட்டும் என்பதே என் பரிந்துரை என்றேன். ஆசிரியர் இந்தப் பள்ளித் தவணை முடியும்வரை பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகும் வகுப்பில் தூங்கினால் அத்தை வீடுதான். தாய் தலையசைத்தார். மகள் தாயின் கையை விடவில்லை.

மறுநாள் முதல் அவள் வருகிறாள். காலணிகளை வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, புத்தகப் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கிறாள். படுத்த கணமே தூங்கிப்போகிறாள். நான் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு அது என் தூக்கத்துக்கான நேரம். இப்போது இருவருமே தூங்கிவிட்டால் எழுப்ப ஆளில்லை. பாட நூலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், வரிகள் மிதக்கின்றன, படித்த பத்தியையே மறுபடி படிக்கிறேன். இடையில் ஒரு வியாழக்கிழமை அவள் வகுப்பில் தூங்கிவிட்டாள். ஆசிரியர் அதைத் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார், மேலிடத்துக்குச் சொல்லவில்லை. தவணை இன்னும் முடியவில்லை.

மணி அடிக்கும் நேரம் நெருங்கும்போது எழுந்து போய் அவள் தோளில் தட்டுகிறேன்.

"கஸ்தம் வந்துருச்சா?" என்கிறாள், கண்ணைத் திறக்காமலே.

"வந்துருச்சு. பைய எடுத்துக்க."