ஐயாவுக்குப் போட்டு வைத்த இடம்

கடல் ஊருக்குள் வந்ததே, அந்த வருஷத்துக்கு மூன்று நான்கு வருஷம் முந்தி நடந்தது இது. திருவொற்றியூரில் பல்கலைக்கழக வளாகத்தில் அப்போது நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி மலர்க்கொடி எழுதுகிறாள். நடுவில் திருத்தப் பார்ப்பாள். விடமாட்டேன்.

அன்புக்கரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளாகத்துக் கம்ப்யூட்டர், லைன் எல்லாம் அவள் பொறுப்பு. வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாம் மாடி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்திலேயே இவள் பட்டம் வாங்கின போட்டோவை மாட்டியிருப்பார்கள். மற்ற பெண்கள் கொண்டையில் பூ வைத்தால் இவள் ஸ்க்ரூ டிரைவர் வைப்பாள். தேவைப்படும்போது சரக்கென்று உருவுவாள். ஒருநாள் மறந்துபோய் அதோடேயே யாரோ கல்யாணத்துக்குப் போக, மாப்பிள்ளை வீட்டார் புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதுதான் அவள் ராஜ்ஜியம். உள்ளே ஆறு பெட்டிகள் இருக்கும். மோடம் என்று சொல்லச் சொல்கிறாள் மலர்க்கொடி. அவள் எழுதிக்கொள்ளட்டும், நான் பெட்டி என்றுதான் சொல்வேன். ஒரு பெட்டிக்கு ஒரு டெலிபோன் லைன். வீட்டிலிருந்து யாராவது கம்ப்யூட்டர் வழியாக எங்கள் நம்பருக்குப் போட்டால், வால் மிதிபட்ட பூனை மாதிரி பெட்டி ஒரு கத்துக் கத்தும். கத்தி முடித்து விளக்கு எரிந்தால் அந்த வீட்டில் இன்டர்நெட் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தால் மணிக்கணக்குப் பார்த்துப் பிடுங்குவார்கள். எங்களிடம் மாசத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுதான். அந்த விலைக்குக் கொண்டுவர அவள் ஆபீஸில் போட்ட சண்டை எனக்குத் தெரியும். அதனால்தான் மீன்பிடிக்கிற நெட்டுக்குப்பத்தில்கூட ஒரு வீட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிப்போட, தெருப் பிள்ளைகள் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள்.

ஒரே ஒரு பேஜாருதான். லைன் ஆறு, ஆள் அறுநூறு. எப்போது போட்டாலும் எங்கேஜ்டு. வாத்தியார்கள் இயக்குநரிடம் போய்ப் புகார் சொன்னார்கள்.

இயக்குநர் ராசையா ஐயா தெற்கத்திக்காரர். ராயபுரத்தில் அண்ணன் தம்பிகள் இரும்புக் கடை வைத்திருக்க, மாடியில் இவர் குடும்பம். நல்ல மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டார். அறைக்கே வந்து சொன்னார்.

"இங்க பாரும்மா அன்புக்கரசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நானே வீட்டுல இருந்து போடுவேன். கிடைச்சா சரி. கிடைக்கலன்னா திங்கட்கிழமையில இருந்து பிள்ளைகளுக்குக் கிடையாது. வாத்தியார்மாருக்கு மட்டும்தான். சொல்லிட்டேன் பாத்துக்க."

அவர் போனதும் அவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாள். "வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு ஐயா போடுவாரு. அவருக்கு மட்டும் லைன் கெடைக்கல, நம்ம கத அம்பேல். பாத்து நடந்துக்கோங்க."

பிள்ளைகளும் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போகவில்லை. துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அந்த அறை வாசலிலேயே நின்றேன். ஐந்தரைக்கு ஒரு பெட்டி கத்தியது. பின்னாலேயே இன்னொன்று. ஆறு மணிக்கு முன்னால் எல்லா விளக்கும் தீபாவளி மாதிரி எரிகிறது.

"இன்னா ஆயா இது? அத்தினி தபா சொன்னேனே!" என்றாள் அன்புக்கரசி.

ஆபீஸ் போன் அடித்தது. ஐயாவின் குரல் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"எங்கேஜ்டாவேல்லா அடிக்கி! என்னம்மா இது?"

அவள் கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, அதாலேயே ஒரு பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. திரும்பவும் போட்டாள். "இப்ப ஒண்ணு காலி ஐயா. போடுங்க."

"நான் கேக்கது அது இல்ல. ஒரு நிர்வாகம்னா என்ன..." என்று அவர் ஆரம்பித்தார். அவர் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெட்டி கத்திவிட்டது. வேறு யாரோ ஏறிக்கொண்டான்.

"ஐயா, போச்சு. நீங்க போனை வெச்சாத்தான போட முடியும்? உங்க வூட்ல ஒரு போன்தான கீது!"

"என்னையே வைக்கச் சொல்லுதியா? திங்கட்கிழமை பேசிக்கிடுதேன்!"

அப்போது வளாகத்து லேபிலிருந்து மதி ஓடிவந்தாள். இவளும் வியாசர்பாடிதான், எம்.எஸ்சி. படித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஐயா வந்துட்டாரா? அவருக்கோசரம் ஆறு லைனையும் புட்ச்சி வெச்சிகீறோம். எவனையும் உள்ள வுடல!"

அன்புக்கரசி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த வருஷம் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரியில் வந்தது. லாரி வருமுன்னே வரிசையில் குடம் போட்டு வைப்போம். முடியாதவர்கள், முழுகாமல் இருப்பவர்கள் வீட்டுக்கும் சேர்த்து யாராவது ஒருத்தர் குடம் போட்டு வைத்து, அவர்கள் வந்ததும் நகர்ந்துகொள்வோம். பிள்ளைகள் அதே மரியாதையை ஐயாவுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் குடம் போட்டவள் ஆள் வருவதைக் கண்ணால் பார்ப்பாள். இவர்கள் ராயபுரத்து மாடியை எங்கிருந்து பார்ப்பது?

"எல்லாரையும் கூப்ட்டு வெக்கச் சொல்லுடி," என்றேன்.

"எப்டி ஆயா கூப்புடறது? அவுங்க போனுலதான லைன் ஓடிகினு கீது! கூப்ட்டா அங்கயும் எங்கேஜ்டு."

ஐயா இன்னும் போனில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது போல. "யாருக்குப் பிடிச்சு வச்சிருக்காவோ?" என்றார், குரல் இறங்கி.

"உங்களுக்குத்தான் ஐயா. தண்ணி லாரிக்குக் கொடம் போட்ற மாதிரி," என்றாள் அன்புக்கரசி.

அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்புக்கரசி விடவில்லை. ஒரு பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அந்த லைனில் ஒரு சாதாரண போனைச் செருகி, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இனி வேறு யாரும் அதில் ஏற முடியாது; இப்போது அந்த இடத்தில் குடம் போட்டவள் அவள். இன்னொரு கையில் ஆபீஸ் போன்.

"ஐயா, திட்றத அப்பறமா திட்டுங்க. இப்ப போனை வைங்க. ஒரு டம்ளர் தண்ணி குட்சிட்டு அப்பறம் போடுங்க. நடுவுல பேசாதீங்க."

அவர் வைத்தார். அவள் ஆபீஸ் போனை வைத்துவிட்டு, மேஜை மேலிருந்த சொம்பை எடுத்துத் தானும் தண்ணீர் குடித்தாள், அவரோடு சேர்ந்து குடிப்பது போல, மடக் மடக்கென்று. சொம்பை வைத்தாள், ரிசீவரை வைத்தாள், ஒயரை மாற்றினாள். மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி கத்தியது. விளக்கு எரிந்தது. வேறு யாரோவாக இருந்தால்? அன்புக்கரசி திரையைக் குனிந்து பார்த்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்பவும் கொண்டையில் செருகின விதத்திலேயே ஐயாதான் என்று தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் ஐயா அறைக்கு வந்தார்.

"உங்க லாரியில ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் குடுப்பீங்க?"

"கொடம் ரொம்புற வரிக்கும் ஐயா. அப்பறம் கடசீலதான் போய் நிக்கணும்," என்றாள் அன்புக்கரசி.

"அப்ப இங்கயும் அப்படியே வை. அரை மணி நேரம். அதுக்கு மேல யாரா இருந்தாலும் அறுத்துரு. பிள்ளைகளுக்கும் இருக்கட்டும், வாத்தியாருக்கும் இருக்கட்டும்."

அவளும் அப்படியே வைத்தாள். அந்த வாரமே ஒரு சாயங்காலம் ஆபீஸ் போன் அலறியது.

"யாரும்மா என் லைனை அறுத்தது? பாதி லெட்டருல்லா அடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"நான்தான் ஐயா. அரைமணி ஆயிட்ச்சு. கடசீல போய் நில்லுங்க."

ஐயா தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்கு முன்னால எத்தன பேரும்மா நிக்காவோ?"