பதிவேட்டில் எழுதாத வேகம்

ஜூன் 12, வியாழன். வழக்கம்போல் ஆறே காலுக்குக் குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறினேன்.

முந்தைய நாள், சோதனைப் பிரிவின் கணினி மந்தமாக இருந்ததால், அதன் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் நுழைந்து பிராசஸரின் வேகத்தைக் கூட்டியிருந்தேன். எல்லா மாற்றங்களையும் பதிவேட்டில் எழுதும் நான், அனுமதி வாங்காததால் அதை மட்டும் எழுதவில்லை.

வியாழனன்று, கூட்டிய வேகம் தாங்காமல் கணினி சூடேறி மூன்று முறை அணைந்தது. அதில் வேலை செய்யும் செல்வி பதிந்த அளவுகள் அழிந்தன.

"இன்னாம்மா, கண்டதையும் அமுக்கிகினு கீறியா? நாளைலேர்ந்து அசெம்ப்ளி லைனுக்குப் போ" என்று செல்வியைத் திட்டினார் சூப்பர்வைசர்.

"நான் ஒண்ணும் தொடல சார். அண்ணே, நீங்கதான எல்லாத்தையும் எழுதி வைப்பீங்க, பாத்துச் சொல்லுங்க" என்று செல்வி என் பக்கம் திரும்பினாள்.

பதிவேட்டைப் புரட்டினேன். "இதுல ஒண்ணும் இல்லையே" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் அன்றிரவு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, அந்த மாற்றத்தை என் பெயருடன் எழுதி சூப்பர்வைசரின் மேசையில் விரித்து வைத்தேன். வேகத்தைப் பழையபடி குறைக்கக் கணினியை அதற்குப் பிறகுதான் தொட்டேன்.