நன்மைக்கு முந்திய ஒரு மணித்தியாலம்

பத்து வயதில் எனக்கிருந்த வேத அறிவு அதற்குப் பிறகு எந்த வயதிலும் இருந்ததில்லை. கல்முனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல்நன்மைக்கு, அதாவது பூசையில் அப்பத்தை முதன்முதலாக நாக்கில் வாங்குவதற்கு, ஆயத்தமான பதினொரு பிள்ளைகளில், ஒரு கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னவள் நான் ஒருத்திதான். சிஸ்டர் எனக்கு மாதாவின் படம் ஒன்றைப் பரிசாகத் தந்திருந்தார். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டித் திரிந்தேன்.

அந்தப் பதில்களில் பாதியை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் பெரியப்பா. பள்ளிக்கூட ஆசிரியர், இருபது வருடம் கோயிலில் மறைக்கல்வியும் படிப்பித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு அவருக்குத் தன் பெயரே சந்தேகமாகிவிட்டது. அல்சைமர் என்ற சொல்லை எங்கள் ஊரில் அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரியில் வயதுக் கோளாறு என்றார்கள். கோயில் சனம் தாராள மனதோடு வேறு காரணங்களைக் கண்டுபிடித்தது. செய்வினை என்றார் ஒருவர். பரம்பரைப் பாவம் என்றார் இன்னொருவர். பெரியம்மாவின் விசுவாசம் காணாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன புண்ணியவதியும் உண்டு. ஒன்பது நாள் தொடர்ந்து சொல்லும் நவநாள் செபங்களின் புத்தகங்கள் வீட்டில் குவிந்தன. ‘நான் அவரோடு இருக்கிறேன், நீ போய்த் தலைமுழுகிவிட்டு வா’ என்று சொல்ல மட்டும் ஒருவரும் வரவில்லை.

பிள்ளையில்லாத வீடு. பெரியம்மா தனியாளாக அவரைக் குளிப்பாட்டினார், உடுப்பு மாற்றினார், கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டால் தேடி ஓடினார். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் சாப்பாடு. சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று பெரியப்பாவின் மனதில் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. பெரியம்மா முதலில் ஒரு வாய் தின்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் அவர் தின்பார். காய்ச்சலோ வயிற்றுவலியோ, ஒவ்வொரு வேளையும் முதல் வாய் பெரியம்மாவுடையதுதான்.

ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போனால் பெரியப்பா பிரசங்கத்தின் நடுவில் கத்துவார். ஆகவே பூசைக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன், கோயில் வளவின் வேப்பமரத்தடியில் இருவரும் பேக்கரியில் வாங்கிய ஒரு துண்டுப் பாணைப் பங்கிட்டுத் தின்பார்கள். நன்மை நேரத்தில் மற்றவர்களோடு பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழந்தாளிடுவார்கள். எல்லாவற்றையும் மறந்த மனிதர் அங்கே நாக்கை நீட்ட மறக்கவில்லை. கிழமை முழுவதும் பெரியம்மா உயிர் வைத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

“அதுவும் இல்லாட்டி நான் எப்பவோ கிணத்துக்குள்ள பாய்ஞ்சிருப்பன்” என்று அவர் ஒருநாள் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை வகுப்பில் சிஸ்டர் புதுப்பாடம் சொன்னார். நன்மை எடுப்பதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் தண்ணீரும் மருந்தும் தவிர ஒன்றும் உட்கொள்ளக் கூடாது. நான் கையை உயர்த்தினேன்.

“எங்கட பெரியப்பாவும் பெரியம்மாவும் வேப்பமரத்துக்குக் கீழ இருந்து பாண் தின்னுபோட்டுத்தான் நன்மை எடுக்கிறவங்க, சிஸ்டர்.”

சிஸ்டர் தன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்கு இன்னொரு படம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பூசையில் நன்மை கொடுத்துக்கொண்டு வந்த பங்குச் சுவாமி, வரிசையில் பெரியம்மாவிடம் வந்ததும் குனிந்து ஏதோ சொன்னார். பெரியம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சுவாமி அவர்கள் இருவரையும் தாண்டிப் போனார். பெரியப்பா கண்ணை மூடி நாக்கை நீட்டியபடியே இருந்தார். சுவாமி வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பிப் பீடத்தில் ஏறும்வரை அந்த நாக்கு உள்ளே போகவில்லை. பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார். வீட்டில் சோற்றுக்குக் கத்துகிற அதே குரலில் கத்தினார்.

“எல்லாருக்கும் குடுத்தான். எனக்குத் தரல்ல!”

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில், சந்தியில் பேக்கரி வைத்திருந்த, ஊரெல்லாம் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் பெரியம்மா அழுவதைக் கண்டு கடையை விட்டு இறங்கி வந்தார். அவர் பெரியப்பாவிடம் படித்தவர். வழிதவறிப் போன நாட்களில் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர். பெரியம்மா விக்கி விக்கி நடந்ததைச் சொன்னார்.

“சுகமில்லாத வருத்தக்காரனுக்கு நோன்பு கடமையில்ல அக்கா” என்றார் காக்கா. “எங்கட மார்க்கத்துல விலக்கு இரிக்கி. உங்கட வேதத்துலயும் இல்லாம இரிக்காது. சுவாமிக்கிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். குடும்பத்தில் அப்போது வேதம் படித்துக்கொண்டிருந்தவள் நான்தானே. அவர் கண்ணில் இருந்தது ஆசை என்று இப்போது தெரிகிறது.

“அப்பிடி ஒண்டும் இல்ல” என்றேன். “எங்கட வேதத்துல விலக்கு இல்ல.”

“அவள் படிக்கிறவள். அவளுக்குத் தெரியும்” என்றார் பெரியம்மா. காக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு பாணைக் கடதாசியில் சுற்றிப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார்.

பெரியம்மா சுவாமியிடம் கேட்கவேயில்லை. பெரியப்பாவைப் பட்டினி போடவேண்டும், அல்லது நன்மையை விடவேண்டும். அவர் நன்மையை விட்டார். ஞாயிறுதோறும் பெரியப்பாவோடு வேப்பமரத்தடியிலேயே இருந்து, சன்னலால் வெளியே வருகிற பூசையைக் கேட்டார். மூன்று வருடம் அப்படிப் போனது. பெரியப்பா இறந்த பிறகுகூட, பழக்கமோ கோபமோ, பெரியம்மா பீடத்துக்கு முன்னால் போகவில்லை. போகாமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது என் அம்மாவுக்கும் அதே நோய். வீட்டுக்கு நன்மை கொண்டுவந்த இளம் சுவாமியிடம், அம்மா சற்று முன்தான் சாப்பிட்டார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணித்தியாலம் கிடையாது என்றார் அவர். அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்கும் கிடையாது. எப்போதிருந்து என்று கேட்டேன். நான் வகுப்பில் கையை உயர்த்திய அன்றைக்கே அது சட்டமாக இருந்தது. பராமரிக்கிறவர்களைக்கூட ரோமாபுரியில் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கோயிலில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. அந்த மறதிக்கு யாரும் நவநாள் வைக்கவில்லை.

என் முதல்நன்மை அன்று பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வேப்பமரத்தடிக்கு ஓடினேன். சட்டையைத் தைத்துத் தந்தவரே பெரியம்மாதான். “எப்பிடி மகள் இருந்திச்சு?” என்று கேட்டார்.

“ஒரு ருசியும் இல்ல. அண்ணத்தில ஒட்டிக்கொண்டு கிடக்கு” என்றேன்.

பெரியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெரியப்பா பசி என்று கத்தத் தொடங்கிவிட்டார். பெரியம்மா பாணில் ஒரு துண்டைப் பிய்த்துத் தன் வாயில் போட்டு, விழுங்கி, அவருக்கு வாயைத் திறந்து காட்டினார். திறந்த வாயை மூட முடியாமல் அப்படியே அழத் தொடங்கினார். பாண் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.