கப்பலில் கிடைத்த தாய்மாமன்

போன வாரம் ஜொகூரில் உள்ள செனாயில் விமானம் ஏறினேன். கோலாலம்பூரில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான், கிழவன் ஒருமுறை பறந்து பார்க்கட்டுமே என்று. கிளம்பத் தாமதமாகும் என்றார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல் முன்னால் இருந்த உறையைத் துழாவினேன். ஒரு காகிதப் பை அகப்பட்டது. முறுக்கு கிறுக்கு போட்டிருப்பார்களோ என்று பிரித்தால் ஒன்றுமில்லை. பக்கத்து இருக்கையில் கோட்டு போட்ட ஒரு தமிழர், மரியாதையானவர். "அது வாந்தி எடுக்கிறதுக்கு, ஐயா" என்றார்.

ஆளுக்கொரு பை! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நான் மீசை அரும்பிய வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன். அம்மா ஒரு மூட்டை முறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தாள். முதல் நாளே அத்தனையும் கடலுக்குப் படையலாகிவிட்டது. மேல்தட்டில் ஆடுகளோடு ஆடுகளாக எங்களையும் அடைத்திருந்தார்கள். கரிப்புகை, ஆட்டு மூத்திரம், புளித்த சோறு, எல்லாவற்றுக்கும் மேலே ஊரார் எடுத்த வாந்தி. கப்பல் இந்தப் பக்கம் சாய்ந்தால் அது இந்தப் பக்கம் ஓடி வரும், அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம். யாருடையது யார் வேட்டியில் என்று யார் கண்டது? கர்மம். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் அந்த நாற்றத்தில் ஒரு நாற்றம் மட்டும் இல்லை. கப்பல் சமையல்காரனான பண்டாரி ஒரே அண்டாவில் கிண்டிய சோற்றை எல்லாரும் தகரத் தட்டில் வாங்கித் தின்றோம். யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. தள்ளி உட்கார இடமும் இல்லை. நாகூர்க்காரர் காசிம் நானா ஊறுகாய் ஜாடியைத் திறந்து, குமட்டுகிற வாய்க்கெல்லாம் ஒரு துண்டு எலுமிச்சை கொடுத்துக்கொண்டே வந்தார்.

சாமிக்கண்ணு என்று ஒருவர், எங்கள் தெருக்காரர். ஊரில் சேரிப் பக்கமிருந்து காற்றடித்தால் துண்டால் மூக்கைப் பொத்துகிற ஆள். பினாங்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவரைப் பிழைக்க வைத்தவள் செங்காயி. புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்த சேரிப் பெண். அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, தன் குவளையிலிருந்து கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவர் கக்கியதைத் தன் முந்தானையால் துடைத்தாள். எழுந்து உட்கார்ந்த அன்று மனுஷன் எல்லார் முன்னாலும் தேம்பி அழுதார்.

"நீ என் கூடப்பொறந்தவ, தாயி. இந்தப் பச்சப்புள்ளைக்கு நான்தான் தாய்மாமன்" என்றார்.

இதை வெறும் வாய்வார்த்தை என்று நினைத்துவிடாதீர்கள். அக்கரையிலிருந்து வந்து இறங்கியவனுக்கு இங்கே அண்ணன் ஏது, மாமன் ஏது? ஒரே கப்பலில் வந்தவர்கள்தான் சொந்தம். ரப்பர் தோட்டத்துக்குப் புது ஆள் வந்தால் முதல் கேள்வி, "எந்தக் கப்பல்?" என்பதுதான். கப்பல் ஒன்றென்றால் அப்புறம் அண்ணன் தங்கச்சிதான். கல்யாணமோ சாவோ, முன்னால் நிற்பது அவர்கள்தான். கடல் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட உறவுக்குப் பதிலாகக் கொடுத்த உறவு அது.

சிங்கப்பூருக்கு எதிரே ஒரு தீவில் எங்களை இறக்கி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். ஜொகூருக்குப் பாலம் வராத காலம். படகில் கடந்து, ரயில் ஏறி, செடெனாக்கில் இறங்கினோம். அன்று சாயங்காலமே தோட்டத்தில் பெரிய கங்காணி எங்களை வரிசையாக நிறுத்தினார். கப்பலைக் கேட்கவில்லை. என்ன ஆளுங்க என்று கேட்டார். கேட்டுக் கேட்டு, கூலிகள் குடியிருக்கும் வீட்டு வரிசைகளில் மேல் லயம், கீழ் லயம் என்று பிரித்துவிட்டார். செங்காயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் கீழ் லயத்துக்குப் போனாள். சாமிக்கண்ணு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வருஷங்கள் ஓடின. நான் பால்மரம் வெட்டி, பிறகு நாலெழுத்து தெரியும் என்பதால் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரானேன். சாமிக்கண்ணு சின்னக் கங்காணியாகி, கோயில் தலைவருமாகிவிட்டார். செங்காயியின் புருஷனை மலேரியா கொண்டுபோனது. கப்பலில் வந்த அந்தக் குழந்தை பொன்னி பெரியவளானாள்.

தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். அவன் கொண்டுவரும் புதுப்புடவையைத்தான் பெண் உடுத்த வேண்டும். மாமன் வராத பெண் நாதியற்றவள் என்று லயம் முழுக்கப் பேசும். செங்காயி என்னிடம்தான் சொல்லி அனுப்பினாள்.

சாமிக்கண்ணு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றார். சீர்த்தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, "எடுத்துக்க" என்றார்.

"ஓலை யாருண்ணே கட்டுறது?" என்று கேட்டாள் செங்காயி.

"கடல்ல நடந்தது கடலோட போச்சு. தரைக்கு வந்தா தரை நியாயம்தான்."

சீ! நாலு பேர் பார்க்கத் துண்டால் மூக்கை வேறு பொத்திக்கொண்டார். தன் வாந்தியை முந்தானையில் ஏந்தியவளுக்கு முன்னால்! கப்பலில் எனக்கு அப்படிக் குமட்டியதில்லை.

செங்காயி அழவில்லை. அவர் கங்காணி, நாளைக்கே வேலைக்கு வராதே என்று சொல்லிவிடக் கூடியவர். அப்படியும் வாய்க்காலைத் தாண்டிப் போய், தட்டைக் காலால் அவர் பக்கமே தள்ளினாள். "உங்க புடவை எம்புள்ளைக்கு வேணாம், கங்காணி" என்றாள். அண்ணன் என்று சொல்லவில்லை. உள்ளே பொன்னி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் ஒரு மாட்டுவண்டி வந்தது. காசிம் நானா. செடெனாக்கில் மளிகைக்கடை வைத்திருந்தார். வண்டி நிறையப் பச்சை ஓலை, பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் கேட்டு வெட்டி வந்தது. மேலே ஒரு பச்சைப் பட்டு. இறங்கினவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏன் தாயி, எனக்குச் சொல்லி அனுப்பலே? நானும் அதே கப்பல்தானே?"

அவருக்கு ஓலை முடையத் தெரியாது. கோணலாகத்தான் கட்டினார். அந்தக் கோணல் குடிசைக்குள் பொன்னி தலைநிமிர்ந்து உட்கார்ந்தாள். நானா செங்காயி வீட்டுத் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார்.

நானாவும் போய்விட்டார், செங்காயியும் போய்விட்டாள். அந்தக் கப்பலை எப்போதோ உடைத்து இரும்பாக விற்றிருப்பார்கள். "எந்தக் கப்பல்?" என்று கேட்கிற வாய் ஒன்றுகூட இப்போது இல்லை.

இதையெல்லாம் அந்தக் கோட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். மெதுவாக, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. நீங்க என்ன ஆளுங்க?"

காகிதப் பையைப் பிரித்து வாயில் வைத்தேன். பணிப்பெண் ஓடிவந்து, "மாபோக் லா, அங்கிள்?" என்று, பயண மயக்கமா என்று மலாயில் கேட்டபடி முதுகைத் தடவிக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. விமானம் இன்னும் தரையிலேதான் நின்றுகொண்டிருந்தது.