கச்சான் காற்றுக்குக் கட்டிய நாலு மாடி

1976 ஆவணியில் தெமோதரைக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தேன். மாடி கூடக் கூட மின்விசிறியும் கூடும். இந்த எரிச்சலில் இருந்தபோதுதான், விசிறியே இல்லாமல் கட்டிய நாலு மாடி ஸ்டோரைப் பற்றி மனைவியின் அண்ணன் ராசையா சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவர் அங்கே கொழுந்து வாட்டுகிறவர். மேல் மாடியை மூடப்போகிறார்கள் என்றதும் லீவு போட்டுவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினால் மாலையில் தெமோதரை. அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம், நடைதான்.

மேல் மாடியில் நின்றபோது சட்டை படபடத்தது. சுவர் முழுக்க ஜன்னல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வருகிற பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் திறந்துவிட்டால், சாக்குத் தட்டில் பரப்பிய கொழுந்து தானாக வாடும். கட்டியவன் மீது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மழைக்காலத்திலும் கொழுந்து வாடவேண்டுமாம். அதனால் கீழ்த்தளத்தில் புதிதாக விசிறிகள், அவற்றுக்குச் சூடு கொடுக்க விறகு அடுப்பு; மேல் மாடி இனித் தேவையில்லையாம். விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மச்சான் ஜன்னல் வழியே கை காட்டினார். மேட்டில் வெறும் அடிமரங்கள். அதற்கு நேர் கீழே அவர் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற லயம், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள், பத்துக் குடும்பம்.

"மாப்பிள்ள, நீங்க கட்டடத்துக்காரரு. அந்த மேடு நிக்குமா?"

"நிக்காது மச்சான். மழைக்கு முன்னால வேற எடம் பாத்துக்குங்க."

"எங்க போறது? லயம் தோட்டத்தோடது. மழையில இங்க மேல வந்து இருந்துக்கிறோம்னு தொரைகிட்ட கேட்டுப் பாத்தேன். பூட்டிருவோம்னுட்டாரு."

வேறு இடம் பார்க்கச் சொன்னதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது கண்ணாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாலு செடி வைத்துப் பசுமைக் கட்டடம் என்கிறார்கள். காற்றில் நடந்த வேலைக்கு ஒரு மேட்டையே மொட்டையடித்ததைப் பார்த்தவனுக்கு அதெல்லாம் வயிற்றெரிச்சல்தான்.

போகிறவர்கள் ஆடி, ஆவணியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஏற்றத்துக்குப் பிடிப்பான சப்பாத்து அவசியம். பாதி வழியிலேயே ஸ்டோர் தெரியும். லயத்தைத் தேடாதீர்கள்.

அந்த ஐப்பசியில் மேடு சரிந்தது. மழை வலுத்ததுமே மச்சான் மேல் மாடிப் பூட்டை உடைத்துப் பத்துக் குடும்பத்தையும் ஏற்றிவிட்டார். லயம் மண்ணுக்குள் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பூட்டை உடைத்ததற்காக மச்சானை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.